ஆங்குலேம் இல்லாத வருடம்: காமிக்ஸ் பார்க்க ஐரோப்பாவில் எங்கே போகலாம்?

மழைக்கோடு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக வந்து இந்த டிசம்பர் வரை ஸ்டுட்கார்ட்டில் இருக்கப் போகிறேன். பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலிக் கதைகளை மொழிபெயர்ப்பில் படித்தே வளர்ந்தவள் நான். சின்ன வயதில் கதாநாயகன் பெயர் மட்டும்தான் தெரியும், வரைந்தவர் யார் என்று கேட்டால் முழிப்பேன், இப்போது ஓவியருக்காகவே புத்தகம் வாங்கும் அளவுக்கு முற்றிவிட்டது. அதனால் ஐரோப்பா என்றதும் மனதில் முதலில் வந்தது பிரான்ஸின் ஆங்குலேம் ஊரில் நடக்கும் காமிக்ஸ் விழாதான். ஜனவரிக் கடைசி, ஊர் முழுக்கக் காமிக்ஸ், கடைக்காரர் கண்ணாடியில்கூடப் படம் வரைந்திருக்கும் என்று பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டு ஆசை வளர்த்தாகிவிட்டது. வந்து இறங்கினால் 2026 விழாவையே ரத்து செய்துவிட்டார்கள். என் ராசி அப்படி.

சரி, போனது போகட்டும். இந்த வருடத்துக்குள் இரண்டு பயணத்துக்கு லீவும் காசும் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. எங்கே போகலாம்? பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது, ஜெர்மன் பேக்கரியில் சமாளிக்கும் அளவுக்குத்தான். ஓவியர்கள் புத்தகத்திலேயே படம் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தருவார்கள் என்கிறார்களே, அது சாதாரண வாசகருக்கும் கிடைக்குமா, இல்லை நாள் முழுக்க வரிசையில் நின்று கால் வலிதான் மிச்சமா? இன்னொன்று, சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்: கண்காட்சி என்று பக்கங்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? அதே பக்கம்தானே புத்தகத்திலும் இருக்கிறது, அதை உட்கார்ந்து நிம்மதியாகப் படிக்கலாமே.

குமிழ்வாசி எழுதியது:

ராசியெல்லாம் ஒன்றுமில்லை, ரத்தானதற்குக் காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் எந்த விழாவுக்குப் போனாலும் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

ஆங்குலேம் விழா 1974-ல் தொடங்கியது. பல வருடங்களாக ஒரு தனியார் நிறுவனம்தான் அதை நடத்தி வந்தது. கணக்கு வழக்கில் வெளிப்படை இல்லை, எல்லாமே வியாபாரமாகிவிட்டது என்ற முணுமுணுப்பு ஏற்கெனவே இருந்தது, அதற்கு மேல் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்த ஊழியர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்ட செய்தி 2025-ல் வெளியே வந்தபோது பெரிய கொந்தளிப்பாகிவிட்டது. அதே நிறுவனத்திடமே விழா போகப் போகிறது என்றதும் ஓவியர்களும் கதாசிரியர்களும் நூற்றுக்கணக்கில் வரமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள், பதிப்பகங்களும் பின்வாங்கின, டிசம்பர் தொடக்கத்தில் ரத்து என்று அறிவித்தார்கள். கூடாரம், மேடை, அரசுப் பணம் எல்லாம் தயாராக இருக்கட்டும், வரைகிற கை வராவிட்டால் அங்கே விற்க என்ன இருக்கிறது?

அங்கே இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. 2016-ல் கிராண்ட் பிரீ விருதுக்கு, அதாவது ஒரு படைப்பாளியின் மொத்த உழைப்புக்காகத் தரும் பெரிய விருதுக்கு, 30 பேர் கொண்ட பட்டியல் வெளியிட்டார்கள். ஒரு பெண் பெயர்கூட இல்லை. ரியாத் சத்தூஃப், டேனியல் க்ளோஸ் போன்ற ஓவியர்கள் பட்டியலில் இருந்து தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். கடைசியில் பட்டியலையே தூக்கிப் போட்டுவிட்டு, படைப்பாளிகள் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்று மாற்றினார்கள். அதுவரை அந்த விருதை முழுமையாக வாங்கிய பெண் என்றால் 2000-ல் ஃப்ளோரன்ஸ் செஸ்தாக் ஒருவர்தான். க்ளேர் பிரெத்தெஷேவுக்கு 1983-ல் ஒரு சிறப்பு விருது கொடுத்து முடித்துக்கொண்டார்கள், எனக்கு அது இன்றைக்கும் எரிச்சல். மாற்றத்துக்கு அப்புறம் பாருங்கள், 2019 ரூமிகோ தகஹாஷி, 2022 ஜூலி டூசே, 2024 போசி சிம்மண்ட்ஸ், 2025 அனூக் ரிகார். பெயரை எடுக்கச் சொன்ன சத்தூஃபுக்கும் 2023-ல் கிடைத்தது.

விழா இல்லாவிட்டாலும் ஊர் அங்கேயேதான் இருக்கிறது, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஷராந்த் ஆற்றங்கரையில் பழைய மதுக் கிடங்குகளை மாற்றி 2009-ல் திறந்த காமிக்ஸ் அருங்காட்சியகம் வருடம் முழுக்க நடக்கிறது. ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் ஹூகோ பிராட் படைத்த கடலோடி நாயகன் கோர்ட்டோ மால்டீஸுக்கு வெண்கலச் சிலை. தெருப் பெயர்ப் பலகையே பேச்சுக்குமிழ் வடிவத்தில் இருக்கும், வீடுகளின் பக்கச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் மேலான ஓவியங்கள். சுமார் 40,000 பேர் வாழும் குன்றின் மேல் ஊர், விழா நேரத்தில் கூட்டம் அதைப்போல் பல மடங்கு. தங்க இடம் கிடைக்காமல் போர்தோவில் ரூம் எடுத்து தினமும் ரயிலில் வந்து போனவன் நான். ஜனவரி மழையில், ஸ்டேஷனிலிருந்து அந்த மேட்டில் ஏறி, ஈரக் கோட்டோடு கூடாரத்துக்குள் நுழைந்தால் ஐந்தாயிரம் ஈரக் கோட்டுகள் ஏற்கெனவே உள்ளே நிற்கும். மே மாதம் போங்கள், ஊரே உங்களுக்குத்தான்.

ரயிலடி எழுதியது:

குமிழ்வாசி சொன்ன வரலாறு சரி, ஆனால் அவருக்கு ஆங்குலேமைத் தவிர வேறு ஊர் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டுட்கார்ட்டில் இருந்துகொண்டு பிரான்ஸின் தென்மேற்கு மூலைக்கு எதற்கு? பாரிஸுக்கு நேர் ரயில் இருக்கிறது, அதில் இறங்கி ஊரைக் குறுக்கே கடந்து மோன்பார்னாஸ் போய் இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும், போக வர இரண்டு நாள் காலி.

உங்கள் பக்கத்து வீடு எர்லாங்கன். நியூரம்பெர்க் போய் அங்கிருந்து லோக்கல் ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது. 1984-லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரட்டைப்படை வருடங்களில் நடக்கிற காமிக்ஸ் சலோன் என்ற விழா, கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறையை ஒட்டி வரும். 2026 இரட்டைப்படை, ஆக ஜூன் தொடக்கத்தில் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. முன்பு ஒரு பெரிய அரங்கத்துக்குள் நடந்தது, 2018-லிருந்து ஊர் நடுவில் அரண்மனைத் தோட்டத்தை ஒட்டிக் கூடாரங்களில். ஜூன் வெயில், புல்தரை, மரத்தடியில் உட்கார்ந்து வாங்கிய புத்தகத்தைப் புரட்டலாம், எந்த ஈரக் கோட்டும் உங்கள் மேல் உரசாது. ஜெர்மன் காமிக்ஸின் பெரிய விருதான மாக்ஸ் உண்ட் மோரிட்ஸ் அங்கேதான் தருகிறார்கள். வில்ஹெல்ம் புஷ் 1865-ல் வரைந்த இரண்டு போக்கிரிப் பயல்களின் பெயர் அது.

ஜெர்மனியில் காமிக்ஸா என்று பிரெஞ்சு விசிறிகள் உதட்டைப் பிதுக்குவார்கள், அதைக் காதில் வாங்காதீர்கள். பிரான்ஸ் மாதிரி வாராவாரம் பத்திரிகை படித்து வளர்ந்த பெரிய வாசகர் கூட்டம் இங்கே இல்லை என்பது உண்மைதான், அதனாலேயே இங்கே வரைகிறவர்களுக்கு 'தொடர் நாயகன் வேண்டும், ஒன்றுக்கு 48 பக்கம் வேண்டும்' என்ற சுமை கிடையாது. உல்லி லுஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் பிறந்து பெர்லினில் வேலை செய்கிறவர், 2025-ல் ஜெர்மனியின் புனைவல்லாத நூலுக்கான விருது அவருக்குப் போனது, அந்த விருது ஒரு காமிக்ஸுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. போட்டியில் இருந்தவை எல்லாம் எழுத்துப் புத்தகங்கள்!

இரண்டாவது பயணத்துக்கு லூக்கா. இத்தாலியில் டஸ்கனிப் பக்கம், அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்கு மறுமலர்ச்சிக் காலத்துக் கோட்டைச் சுவர் முழுசாக நிற்கிறது, அதற்குள்தான் விழா. 1965-ல் போர்டிகேரா என்ற கடலோர ஊரில் தொடங்கி அடுத்த வருடமே லூக்காவுக்கு மாறியது, ஆக ஆங்குலேமுக்கே அக்கா. இப்போது கேம், சினிமா, காஸ்ப்ளே (கதாபாத்திர வேஷம் போட்டு வருவது) எல்லாம் சேர்ந்து கூட்டம் பயங்கரம். 2022-ல் 3 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றார்கள், அப்புறம் அவர்களே பயந்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினார்கள். தூய காமிக்ஸ் ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஒரு கல் சந்தில் வாளோடு நாலு பேர் வருவார்கள், பக்கத்திலேயே ஒரு பாட்டி ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். தங்குவதற்கு மட்டும் பீசாவில் ரூம் எடுங்கள், அரை மணி நேர ரயில்.

தூரிகைத் தோழி எழுதியது:

நான் பிரசெல்ஸில் நாலு வருடம் காமிக்ஸ் படித்தவள் (அங்கே இதற்கென்றே கல்லூரிப் படிப்பு இருக்கிறது, வீட்டில் புரிய வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது). மழைக்கோடு, உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது.

புத்தகத்தில் இருப்பது அதே பக்கம் இல்லை. முதல் விஷயம், அளவு. பெரும்பாலானவர்கள் அச்சில் வருவதைவிடப் பெரிய தாளில்தான் வரைவார்கள், சிலர் ஒன்றரை மடங்கு, சிலர் இரண்டு. சுருக்கும்போது கோடு இறுகி அழகாகிவிடும், தப்பு மறைந்துவிடும். சுவரில் மாட்டியிருக்கும் தாளில் அந்தத் தப்பெல்லாம் தெரியும். கை எங்கே தயங்கியது, எங்கே வெள்ளைக் கோவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வண்ணம்) பூசி அழித்தார், எந்த முகத்தைத் தனித்தாளில் வரைந்து வெட்டி ஒட்டினார், ஓரத்தில் எந்த நிப் எழுதுகிறது என்று சோதித்துக் கிறுக்கினார் என்று எல்லாமே. இங்கே நாங்கள் 'ப்ளான்ஷ்' என்போம், ஒரு முழுப் பக்கத்தின் மூலத் தாள்.

இரண்டாவது, வண்ணம். பழைய பெல்ஜிய ஆல்பங்களின் (இங்கே காமிக்ஸ் புத்தகத்துக்கு அதுதான் பெயர்) மூலத் தாள்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஏமாந்து போவார்கள், ஏனென்றால் அவை கறுப்பு வெள்ளை. வண்ணம் அந்தத் தாளில் இல்லவே இல்லை. கறுப்புக் கோட்டை அச்சளவில் மங்கிய நீலத்திலோ சாம்பலிலோ ஒரு தாளில் அச்சடித்து, அதன் மேல்தான் வண்ணக்காரர் வாட்டர்கலரோ கோவாஷோ போடுவார், கறுப்புக் கோடு தனியாக ஒரு ஒளிபுகும் ஃபிலிமில் இருக்கும், இரண்டையும் மேலே கீழே பொருத்தி அச்சுக்குப் போகும். அந்த வண்ணத் தாளுக்குப் பெயரே 'ப்ளூ', நீலம். பல பெரிய ஆல்பங்களுக்கு அந்த வேலையைச் செய்த பெண்களின் பெயர் அட்டையில் பல வருடம் வரவே இல்லை. அப்புறம் 1980-கள் வாக்கில் வண்ணத்தை மூலத் தாளிலேயே நேராகப் போடுகிறவர்கள் பெருகினார்கள். அங்கே கதையே வேறு. இத்தாலியின் லொரென்சோ மத்தோத்தியின் பக்கத்தை நேரில் பார்க்கும்போது வண்ணப் பென்சிலையும் பாஸ்டலையும் எவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறார் என்று தாளின் மினுமினுப்பிலேயே தெரியும். என்கி பிலால் பிந்தைய ஆல்பங்களில் ஒவ்வொரு கட்டத்தையும் தனி ஓவியமாகத் தீட்டி அப்புறம்தான் பக்கமாகச் சேர்ப்பார், ஆக அவரிடம் மூலப் 'பக்கம்' என்ற ஒன்றே கிடையாது, கட்டங்கள் மட்டும்தான். இதெல்லாம் புத்தகத்தைப் பார்த்தால் எப்படித் தெரியும்?

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். சுவரில் வரிசையாக அறுபது பக்கம் மாட்டி, நின்றபடி படி என்று சொல்லும் கண்காட்சிகள் இருக்கின்றன, அவை தண்டனை. கதை பாதியில் நிற்கும், முதுகு வலிக்கும், கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். தாள் மங்காமல் இருக்க வெளிச்சத்தை வேறு குறைத்து வைப்பார்கள், அதில் தப்புச் சொல்ல முடியாது, மை வெளுத்துவிடும், அதனால்தான் அருங்காட்சியகங்கள் தாள்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நான் செய்வது இதுதான்: போவதற்கு முன்னால் அந்த ஆல்பத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுவேன். அங்கே போய்க் கதையைப் படிக்க மாட்டேன், மூன்றே மூன்று தாள் முன்னால் பத்துப் பத்து நிமிடம் நிற்பேன். மற்றதைக் கடந்து போய்விடுவேன். காவலாளி சில நேரம் சந்தேகமாகப் பார்ப்பார்.

கையெழுத்து பற்றி. கிடைக்கும், ஆனால் அதன் இலக்கணம் வேறு. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 'தெதிகாஸ்' என்றால் வெறும் கையெழுத்து இல்லை, முதல் பக்கத்தில் உங்களுக்காக ஒரு படம். பேனாவில் என்றால் ஐந்து நிமிடம், வாட்டர்கலர் எடுத்துவிட்டால் கால் மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் முடியாது, பெரிய பெயர்களுக்குக் குலுக்கல் வைத்துவிடுவார்கள். மடக்கு ஸ்டூலோடு காலையிலேயே வந்து உட்காரும் தாத்தாக்கள் ஒரு தனி இனம், அவர்களோடு போட்டி போடாதீர்கள். சின்னப் பதிப்பகங்களின் மேசைக்குப் போங்கள், அங்கே ஓவியர் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார், நீங்கள் பேசினால் சந்தோஷப்படுவார். அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டுக் கேளுங்கள். அவர் உங்கள் பெயரைக் கேட்டு எழுதுவார், அது வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், பெயரில்லாமல் கேட்டாலே மறுநாள் ஆன்லைன் ஏலத்துக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் ஒன்று, குமிழ்வாசி தொட்டுவிட்டு விட்டுவிட்டார். அந்தப் படத்துக்கு அவர்களுக்குக் காசு கிடையாது. பெரும்பாலான விழாக்களில் பயணமும் சாப்பாடும்தான். 2016-ல் பிரான்ஸில் காமிக்ஸ் படைப்பாளிகளிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் தொழில்முறையாக வரைகிறவர்களில் 53% பேர் வருட வருமானத்தில் குறைந்தபட்ச ஊதியத்தைக்கூடத் தொடவில்லை, 36% பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குக் கீழே பாதிப் பேர். ஒரு பக்கம் ஆங்குலேம் ஊரின் பெயரையே தூக்கி நிறுத்துகிற கலை, இன்னொரு பக்கம் இது. என் வகுப்பில் முடித்தவர்களில் முழுநேரம் காமிக்ஸ் மட்டும் வரைந்து வாழ்கிறவர்களை எண்ண ஒரு கை போதும், நான் அதில் இல்லை, பள்ளிப் பாடநூலுக்கு நுரையீரல் படம் வரைகிறேன்.

பழைய பைண்டிங் எழுதியது:

தோழி சொன்ன அதே மூலத் தாள்தான் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எர்ஜே 1936-ல் தன் டின்டின் ஆல்பம் ஒன்றுக்கு வரைந்த அட்டை ஓவியம், வண்ணம் அதிகம், அச்சிட்டால் செலவாகும் என்று அப்போது ஒதுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் அது 30 லட்சம் யூரோவைத் தாண்டியது. வரைந்தவருக்கு அன்றைக்கு ஒரு காசு கூடுதலாகக் கிடைத்திருக்காது. எனக்கு இந்த வியாபாரத்தைப் பார்த்தால் வயிறு எரியும், ஆனாலும் ஓவியங்கள் விற்கும் காட்சிக்கூடங்களுக்கு நான் போகாமல் இருப்பதில்லை, ஏனென்றால் அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, கண்ணாடிக்கு அரை அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். பாரிஸில் மார்டெல் தெருவில் அதே பெயரில் ஒரு கூடம் இருக்கிறது, உங்கள் ஸ்டுட்கார்ட் ரயில் வந்து நிற்கும் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். வாங்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் என் வாக்கு பிரசெல்ஸுக்கு. விழாவே வேண்டாம். ஏதாவது ஒரு சனி ஞாயிறு. சாப்ல் தெருவில் இருக்கும் காமிக்ஸ் அருங்காட்சியகத்துக்கு நேராகப் போங்கள். விக்டர் ஓர்டா 1906-ல் ஒரு துணி வியாபாரிக்காகக் கட்டிய மொத்தக் கடை அது. இரும்பும் கண்ணாடியும், மேலே இருந்து வெளிச்சம் கொட்டும், துணியின் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். கடை 1970-ல் மூடி, கட்டிடம் பாழாகிக் கிடந்து, இடிப்பார்கள் என்ற நிலையில் காப்பாற்றி, 1989-ல் காமிக்ஸ் மையமாகத் திறந்தார்கள். கூடத்தில் டின்டின் கதையில் வரும் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ராக்கெட் நிற்கும், எல்லாரும் அதன் முன்னால் செல்ஃபி எடுப்பார்கள், நீங்கள் அதை முடித்துவிட்டு மாடிக்குப் போங்கள்.

வெளியே வந்தால் தெருவே மிச்சக் கண்காட்சி. 1991-ல் ஃப்ராங்க் பே தன் கதாநாயகன் ப்ரூசாயை வரைந்த சுவரோடு தொடங்கி இன்று காமிக்ஸ் ஓவியம் தீட்டிய ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கச் சுவர்கள், வரைபடம் வாங்கிக்கொண்டு நடக்கலாம். மிடி ரயில் நிலையத்தருகே லோம்பார் பதிப்பகக் கட்டிடத்தின் மேல் டின்டினும் ஸ்நோயியும் சுழல்வார்கள், இரவில் விளக்கெரியும், அதைப் பார்த்துவிட்டு ரயிலேறுவதுதான் என் வழக்கம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பக்கத்து ஊரான லூவான்-லா-நவ் போய் எர்ஜே அருங்காட்சியகம். 2009-ல் திறந்தது, கட்டியவர் க்ரிஸ்தியான் த போர்சம்பார்க், திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மொழி தெரியாதே என்ற கவலைக்கு ஒரு வார்த்தை. வார்த்தையே இல்லாத காமிக்ஸில் ஐரோப்பாவைப் போல் வேறு எங்கும் இவ்வளவு பழைய பரம்பரை இல்லை என்பேன். பெல்ஜியத்தின் ஃப்ரான்ஸ் மாஸரீல் 1918, 1919 வாக்கிலேயே மரச்செதுக்குகளில் முழு நாவல் சொன்னார், ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு எழுத்து கிடையாது. பிரான்ஸின் மோபியஸ் 1970-களில் மெத்தால் உர்லான் பத்திரிகையில் பறவை போன்ற ஒரு பிராணி மேல் ஏறித் திரியும் ஒரு வீரனை வசனமே இல்லாமல் வரைந்து எல்லாரையும் திகைக்க வைத்தார். சூரிச்சின் தாமஸ் ஓட் கறுப்புப் பலகையைச் சுரண்டிச் சுரண்டி வெளிச்சத்தை வரவழைப்பவர், அதிலும் பேச்சு இல்லை. இவை மூன்றையும் வாங்கினால் அகராதி தேவையில்லை.

இன்னொரு சிக்கனக் குறிப்பு. பிரான்ஸில் 1981 சட்டப்படி புத்தகத்துக்குப் பதிப்பகம் வைத்த விலைதான், யாரும் 5%-க்கு மேல் தள்ளுபடி தர முடியாது. ஆகவே விழாவில் மலிவாகக் கிடைக்கும் என்று பை நிறைய வாங்கித் தூக்காதீர்கள், சந்துக்கடையிலும் அதே விலை. விழாவில் வாங்க வேண்டியது கடைக்கு வராதவை மட்டும்: இருநூறு பிரதி அச்சிட்ட குட்டி இதழ்கள், பட்டுத்திரை அச்சுப் படங்கள்.

மழைக்கோடு எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி எல்லாருக்கும். நீலத் தாள் விஷயம் படித்ததும் வீட்டில் இருக்கும் ஒரு ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன், கறுப்புக் கோட்டுக்கு வெளியே வண்ணம் ஒரு மயிரிழை வழிந்திருக்கிறது. இருபது வருடமாகக் கண்ணில் படாதது!

ஜூனில் எர்லாங்கன் உறுதி. இரண்டாவதில்தான் குழப்பம். லூக்காவா பிரசெல்ஸா? மூன்று லட்சம் பேர் என்றதும் கொஞ்சம் பயம். குமிழ்வாசி கோபிக்கக் கூடாது, ஆங்குலேம் சிலையைப் பிறகு எப்போதாவது பார்த்துக்கொள்கிறேன்.

ரயிலடி எழுதியது:

பிரசெல்ஸிலும் வழக்கமாகச் செப்டம்பரில் வரும் ஒரு காமிக்ஸ் விழா உண்டு, 2010-ல் ஆரம்பித்தது, அதோடு சேர்த்துப் போனால் பழைய பைண்டிங்குக்கும் திருப்தி, உங்களுக்கும் திருப்தி. தேதி பார்த்து ரயில் டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் இரண்டு மடங்கு ஆகும். கூட்டம் பிடிக்காதென்றால் இன்னொரு வழி, சுவிட்சர்லாந்தின் பாசெல். உங்களிடமிருந்து மூன்று மணி நேரத்துக்குள், காலையில் போய் இரவு திரும்பலாம், லீவே வேண்டாம். அங்கே கார்ட்டூன் அருங்காட்சியகம் 1979-லிருந்து இருக்கிறது, பழைய வீடு ஒன்றை ஹெர்சாக் - த மொய்ரோன் கட்டிடக்கலைஞர்கள் மாற்றியமைத்தது, சின்னது, இரண்டு மணி நேரம் போதும், தோழி சொன்ன மாதிரி மூன்று தாள் முன்னால் நிற்பதற்கு ஏற்ற இடம்.

தூரிகைத் தோழி எழுதியது:

பாசெலை மறந்தே போனேன், நல்ல யோசனை. சுவிட்சர்லாந்தைச் சும்மா எண்ணாதீர்கள், ஜெனீவாவில் ரொடால்ஃப் தோப்ஃபர் என்ற பள்ளி ஆசிரியர் 1827-லேயே கட்டங்களைப் பக்கத்தில் அடுக்கிக் கதை வரைந்துகொண்டிருந்தார், இந்த வேலைக்கெல்லாம் தாத்தா அவர்தான். லூசெர்னில் 1992-ல் தொடங்கிய ஃபூமெட்டோ என்ற விழாவும் உண்டு, வழக்கமாக வசந்த காலத்தில் வரும். விற்பனை இரண்டாம்பட்சம், கண்காட்சிதான் முதன்மை, ஊரில் கிடைக்கிற இடமெல்லாம் மாட்டி வைப்பார்கள்.

பிரசெல்ஸுக்கு வரும்போது சொல்லுங்கள், சுவர்களைக் காட்டுகிறேன். ராக்கெட் முன்னால் ஃபோட்டோவும் எடுத்துத் தருகிறேன், பழைய பைண்டிங்கிடம் சொல்லாதீர்கள்.

பழைய பைண்டிங் எழுதியது:

படித்துவிட்டேன். நானும் அங்கே ஒரு ஃபோட்டோ எடுத்திருக்கிறேன், 1994-ல், கண் மூடியபடி விழுந்துவிட்டது.